கடைசிக் கம்பத்து வீட்டில் ஒரு பிளாஸ்மா கட்டர்

பழைய கேட்டைக் காயலான் கடைக்காரரிடம் கொடுத்தது சித்திரை மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு. டைரியில் அப்படித்தான் இருக்கிறது. புதிய கேட்டை வெட்டப்போகும் மெஷின் என்னிடம் பாதிதான் இருக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுதியவன் அதைப் படித்துப் பார்த்திருக்கலாம்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் டிராயிங் போட்டுவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். நூம்பலில் எங்கள் வீட்டில் காருக்கென்று விட்ட இடம் ஒன்று உண்டு. கார் வரவில்லை. அந்த இடத்தில் நாலுக்கு நாலு அடியில் ஒரு இரும்பு மேசை செய்தேன். கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டின் மேலேயே மோட்டார்கள் ஒரு தலையை இழுத்துக்கொண்டு போகும். தலையில் ஸ்கெட்ச் பேனாவைக் கட்டினால் சார்ட் பேப்பரில் படம் வரும். வந்தது. என் மனைவி வாசலில் போடும் பதினோரு புள்ளிச் சிக்குக் கோலத்தைத்தான் முதலில் வரைந்தது. அவள் பக்கத்தில் நின்று, கோடு ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிகிறதா என்று கடைசிவரை பார்த்தாள். "பரவாயில்ல, இம்மி பிசகாம போடுது" என்றாள். அந்த மகிழ்ச்சியில்தான், இதையே இரும்பில் வெட்டி நம் கேட்டில் வைப்போம் என்று வாய்விட்டேன். அடுத்த சனிக்கிழமை கேட்டு போய்விட்டது.

பேனா இருக்கும் இடத்தில் பிளாஸ்மா கட்டர் வர வேண்டும். காற்றையும் மின்சாரத்தையும் சேர்த்து, பென்சில் முனை அளவு நெருப்பாக்கி, இரும்புத் தகட்டை அறுக்கும் பெட்டி அது. எதை வாங்குவது என்பதில்தான் இரண்டு மாதம் போயிற்று.

இரண்டு மாதமும் கேட்டு இருந்த இடத்தில் ஒரு சவுக்குக் கம்பும் பச்சை வலையும் தொங்கின. தெரு நாய்கள் வலையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைக்கடியில் தூங்கின. ஒருநாள் ஒரு பசு மாடு நேராக உள்ளே வந்து, கறிவேப்பிலைச் செடியை முடித்துவிட்டு, அவசரமில்லாமல் திரும்பிப் போனது. அன்று மாலை மனைவி கெடு வைத்தாள்.

"ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம நம்ம தெருவுக்குக் கரகம் வருது. அம்மன் வர்றப்ப வாசல்ல என் கோலம் நிக்கணும். இல்லன்னா பூந்தமல்லி ரோட்டுல ரெடிமேட் கேட்டு தொங்குது, ரெண்டு பக்கமும் தங்கக் கலர் மயில் வெச்சு. போய் வாங்கி மாட்டிடுவேன்."

அந்த மயில்களை எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அவற்றை மீதி ஆயுள் முழுக்கத் திறந்து மூட வேண்டும் என்ற நினைப்பே என்னை நோட்டுப் புத்தகத்தை எடுக்க வைத்தது.

எதிர்வரிசையில் மூன்றாவது வீட்டில் இருப்பவர் வெல்டர். திருமழிசை எஸ்டேட்டில் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். மேசைக்குக் கால் பற்ற வைத்தது அவர்தான். அவரிடம் ஆலோசனை கேட்க வேண்டியதில்லை, தானாகவே வரும்.

"அறுபது ஆம்ப்ஸ் வாங்கு அண்ணாத்தே. இன்னாத்துக்கு இம்மா யோசன? பன்னண்டு எம்எம் தகடு வெண்ண மாறி பூடும்."

"என் தகடு மூணு எம்எம்தான்."

"நாளிக்கு யாராச்சும் பாலம் கட்டணும்னு வந்தா?"

"நூம்பல்ல எவன் என்னைப் பாலம் கட்டச் சொல்வான்?"

"கூவம் ஓடிகினு கீதுல்ல!"

இது நடந்தது வைகாசி முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணி. பின்னால் தேவைப்படும் என்று தெரியாமலே அதையும் எழுதி வைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கடைக்குப் போனேன். மெஷின் காட்டியவர் ஒரு பெண், பொறியியல் படித்தவர், முப்பது வயதிருக்கும். நான் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். எத்தனை கனம் அறுக்கும், பத்து நிமிஷத்தில் எத்தனை நிமிஷம் ஓயாமல் ஓடும், மேசையில் மாட்ட நேரான டார்ச், அதாவது நெருப்பு வரும் குழல், கிடைக்குமா, தேய்ந்துபோகும் முனைகள் அவர்களிடமே எப்போதும் இருக்குமா. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "நீங்க முதல்ல கேட்க வேண்டியத கேக்கல சார்" என்றார்.

"என்னது?"

"நெருப்பு எப்படிப் பத்திக்குதுன்னு."

இரண்டு விதமாம். ஒரு வகையில் பெட்டி பெரிய மின்பொறியைத் தெறிக்கவிட்டு நெருப்பை மூட்டும். கையில் பிடித்து அறுப்பவருக்கு அதனால் தொந்தரவு இல்லை; பக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தால் அந்தப் பொறி அதைக் குழப்பிவிடும். இன்னொரு வகையில் டார்ச்சுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத் துண்டுகளைக் காற்று தள்ளிப் பிரிக்கும். பிரியும் இடத்தில் நெருப்பு பிறக்கும். சத்தமில்லாமல் பிரியும் குடும்பம் மாதிரி.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க கம்ப்யூட்டரையே எடுத்துக்கிட்டு வாங்க."

வியாழக்கிழமை கம்ப்யூட்டர், கன்ட்ரோலர் பெட்டி, ஒரு மோட்டார் எல்லாவற்றையும் கோணிப்பையில் சுற்றி, திருவேற்காட்டிலிருந்து ஷேர் வேனில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மா, "டிவி ரிப்பேரா?" என்றார். ஆமாம் என்றேன். கோலம் வெட்டும் மெஷின் என்றால் இறங்கும்வரை விடமாட்டார்.

பொறி வகை மெஷினின் டார்ச்சைக் கடைப்பெண் அழுத்தினார். டப் என்று ஒரு சத்தம். என் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோலம் பாதி வளைவில் நின்றது. மவுஸை அசைத்தேன், அசையவில்லை. "இந்த மாசத்துல இது நாலாவது கம்ப்யூட்டர் சார்" என்று அவர் மிகுந்த திருப்தியோடு சொன்னார். இரண்டாவது வகையை அழுத்தினார். நீல நெருப்பு வந்தது, கோலம் தன்பாட்டுக்கு ஓடியது. பத்து முறை அழுத்தச் சொன்னேன். பத்து முறையும் ஓடியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

ஆக, வகை முடிவாயிற்று. அந்த வகையில் நாற்பது ஆம்ப்ஸ் ஒன்று, அறுபது ஆம்ப்ஸ் ஒன்று. எதை எடுப்பது என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "வீட்டுல வோல்டேஜ் எவ்வளவு வருது?"

"இருநூத்தி முப்பது."

"அது புத்தகத்துல சார். வீட்டுல?"

இருபத்தெட்டு வருஷம் அளவு எழுதியவனுக்கு அந்தக் கேள்வி உறைத்தது. எங்கள் வீடு தெருவின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் அந்தக் கோடியில். வழியில் இருக்கிற எல்லா வீடும் எடுத்துக்கொண்டது போக மீதிதான் எங்களுக்கு. மாலையில் எங்கள் மிக்ஸி பாதி வேகத்தில் முனகும். அது வயதாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாளே வாசல் ஸ்விட்ச் பலகையில் ஒரு மீட்டரைச் செருகினேன். காலை ஆறரை, மதியம் ஒன்று, மாலை நாலு பத்து, ஏழு மணி. நாளுக்கு நாலு தடவை, ஒரு நாள் விடாமல். எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். காரணம் எழுதாத அளவு எனக்குப் பிடிக்காது.

இப்படி நான் அதுவரை எந்தப் புத்தகத்தையும் ஆர்வமாகப் படித்ததில்லை என்று சொன்னால், நாலு அலமாரி புத்தகம் வைத்திருப்பவன் சொல்லக்கூடாததுதான். தெருவே அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வீடு கழுவுகிறார்கள், எண் இறங்கும். பள்ளி திறந்த திங்கட்கிழமை காலை எல்லா வீட்டிலும் இஸ்திரிப்பெட்டி, எண் தரையைத் தொடும். மழை பெய்து ஏசி அணைந்த மாலையில் எண் குதித்து ஏறும். தினமும் நாலு பத்துக்கு மட்டும் மழையோ வெயிலோ நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே. காரணம் எனக்கு நேர் எதிரே இருந்தது. எதிர்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் பெண்மணி, தெருவுக்கே மாவு அக்கா, அப்போதுதான் கிரைண்டரைப் போடுவார். அப்படியே எழுதினேன்.

மூன்றாவது வாரம் மனைவி மாவு வாங்கப் போய்க் காலிப் பாத்திரத்தோடு வந்தாள்.

"தீந்துபோச்சாம். எனக்குப் பின்னாடி நின்னவளுக்கு ரெண்டு கிலோ போடறாங்க. நீங்க அக்காவ எதாச்சும் சொன்னீங்களா?"

அக்காவை நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மறுநாளும் தீர்ந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் நாங்கள் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெல்டர் வந்து வலைக்கு வெளியே நின்று சிரித்தார்.

"இன்னா அண்ணாத்தே, உப்புமாவா? நல்லா வேணும். டெய்லி சாய்ங்காலம் அக்கா ஊட்டப் பாத்துகினே மீட்டர்ல பாத்து எழுதிகினு கீற. கரண்டு ஆபீசுக்கு நீ எழுதிப் போடறன்னு பயந்து அக்கா ரெண்டு நாளா ஒரு கிரைண்டர போர்வ போத்தி மூடி வெச்சிகினு கீது."

கை கழுவியதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மாவு அக்கா உளுந்து களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னா தம்பி, இதுவரைக்கும் எழுதனது பத்தலியா? ஊட்டுக்குள்ளயே வந்துட்ட."

"அக்கா, நீங்களே படிச்சுப் பாருங்க."

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "செவ்வா, நாலு பத்து, நூத்தி எம்பத்தி எட்டு, மாவு அக்கா. பேர வேற எழுதிகீறியே! ஒரு கிரைண்டருன்னு சொல்லித்தான் கனெக்சன் வாங்கினேன். வியாபாரம் ஆச்சு, ரெண்டாச்சு. அதுக்கு இப்டியா ஒரு மனுசன்..."

"முன்பக்கம் பாருங்க. எல்லார் பேரும் இருக்கு."

புரட்டினார். கேட்டுக்காக மெஷின் வாங்கப்போகிறேன், அது தாங்குமா என்று பார்க்கத்தான் இதெல்லாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்ததா தெரியாது. புரட்டப் புரட்ட முகம் மாறியது. ஓரிடத்தில் நிறுத்தி, "இது தப்பு" என்றார்.

"எது?"

"வெள்ளிக்கெழம ஆறரைக்கு 'எல்லார் மோட்டாரும்'னு போட்டுகீற. எல்லாரும் இல்ல தம்பி. மஞ்ச ஊட்டுக்காரரு கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு மோட்டார் போடுவாரு. அவுரு நிறுத்தினா என் கல்லு சுத்தற சத்தமே மாறும். பதினாறு வருசமா கேட்டுகினு கீறேன்." பிறகு நாலு பத்திகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பத்தரை எங்க?"

"எந்தப் பத்தரை?"

"காலையில பத்தரைலேருந்து பன்னண்டு. அப்பதான் இந்தத் தெருவுல கரண்டு நெறஞ்சு நிக்கும். பசங்க ஸ்கூலுக்கு, ஆம்பளைங்க வேலைக்கு, டேங்க் ரொம்பியாச்சு, நானு அப்பதான் அரிசி ஊற வெச்சுட்டு உக்காருவேன். அந்த நேரத்த உட்டுட்டு மத்த நேரமெல்லாம் எழுதிகீறியே, நீயெல்லாம் ஒரு படிச்ச ஆளு!"

மூன்று வாரமாக நாலு தடவை அளந்தவன், நல்ல நேரம் ஒன்றே ஒன்று இருக்க, அதை விட்டுவிட்டு அளந்திருக்கிறேன். அன்று திரும்பும்போது கையில் ஒரு கிலோ மாவு இருந்தது. அடுத்த நாள் பத்தரைக்கு மீட்டரைப் பார்த்தேன்: இருநூற்று இருபத்தாறு. அதற்கடுத்த நாள் இருநூற்று இருபத்தைந்து. ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டு, தலைப்பில் 'மாவு அக்கா நேரம்' என்று எழுதினேன்.

அறுபதா நாற்பதா என்பதும் அந்த நேரத்திலேயே தீர்ந்தது. வெல்டர் விடுப்பில் இருந்த ஒருநாள், அவருடைய பெரிய வெல்டிங் மெஷினை எங்கள் வாசலில் ஓட்டிப் பார்த்தோம். அறுபது ஆம்ப்ஸ் கட்டர் ஏறக்குறைய அவ்வளவு இழுக்கும் என்று அவர்தான் சொன்னார். நெருப்பு மூண்டதும் மீட்டர் இருபது இறங்கியது. எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது: "டேய், யார்ரா என் ஃபேன நிறுத்தறது?"

நாற்பதை ஆனி மூன்றாம் வாரம் திங்கட்கிழமை வாங்கினேன். கடைப்பெண் என் நோட்டுப் புத்தகத்தை முழுக்கப் படித்தார். கீழே எத்தனை வோல்டேஜ் வரை மெஷின் ஓடும் என்பதை அட்டவணையில் காட்டிவிட்டு, "இதவிட பெருசு வேணும்னாலும் உங்களுக்கு விக்க மாட்டேன் சார்" என்றார். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், அது முனைகளைத் தின்றுவிடும் என்று, கம்ப்ரசர் குழாய் நடுவே மாட்ட நீல மணிகள் போட்ட ஒரு கண்ணாடிக் குப்பியையும் கொடுத்தார். ஈரம் ஏறினால் மணிகள் ரோஸ் நிறமாகும், வறுத்தால் மறுபடி நீலமாகும். அவற்றை வறுக்கத் தன் பழைய தோசைக்கல்லை மனைவி கொடுத்தபோது, காரியம் அவள் மனசிலும் ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை பத்து முப்பத்தைந்துக்கு முதல் வெட்டு. எதிர்வீட்டில் மாவு அக்கா, கல்லைக் கழுவாமல், வாசலில் வந்து உட்கார்ந்தார். வெல்டர் வேலைக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு நின்றார். நீல நெருப்பு தகட்டில் இறங்கி, சார்ட் பேப்பரில் பேனா போன அதே வழியில் போனது. திரை உறையவில்லை. கோடு வளைந்து, தன்னையே வெட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்தது. முதல் வட்டம் மூடியபோது மேசைக்கடியில் டிங் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு டிங். பிறகு வரிசையாக.

கோடு ஆரம்பித்த இடத்தில் வந்து முடிந்தது. தகட்டின் நடுவில் கோலம் இல்லை. பெரிய ஓட்டை இருந்தது. கோலம் முழுவதும் துண்டு துண்டாகக் கீழே பொறி அணைய வைத்திருந்த தண்ணீர்த் தட்டில் கிடந்தது.

வெல்டர்தான் முதலில் பேசினார். "அண்ணி, கோலம் கலஞ்சிபோச்சு."

மனைவி குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். எனக்கு அந்த நிமிஷம் தங்க நிற மயில்கள்தான் தெரிந்தன. அவள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, நான் மாவால கோடு போடறேன். நீங்க கோட்டையே அறுத்துட்டீங்க" என்றாள். "கோடு நிக்கணும். கோட்டுக்கு நடுவுல இருக்கறதுதான் விழணும்."

இருபத்தெட்டு வருஷம் டிராயிங் போட்டவன், பேனாவுக்கும் கத்திக்கும் ஒரே படத்தைக் கொடுத்திருக்கிறேன். பேனா கோட்டை வைத்துவிட்டுப் போகும். கத்தி கோட்டை எடுத்துக்கொண்டு போகும். அன்று மதியமே கோட்டுக்கு இருபது மில்லிமீட்டர் அகலம் கொடுத்து, இரண்டு கரையிலும் வெட்டும்படி மாற்றினேன். ஒரு சிக்கல் மிஞ்சியது. புள்ளி. கோட்டைத் தொடாத புள்ளி அந்தரத்தில் நிற்காது.

"புள்ளி இல்லாத கோலமா?" என்றாள். ஒருநாள் முழுக்க யோசித்தாள். மறுநாள், "சரி, வெட்டுங்க. புள்ளிய நான் பாத்துக்கறேன்" என்றாள். எப்படி என்று சொல்லவில்லை.

கதவுக்கு ஒன்றாக இரண்டு கோலம், இரண்டு காலைப்பொழுது, இரண்டும் மாவு அக்கா நேரத்தில். வெல்டர் சட்டம் பற்ற வைத்தார். கருப்பு பெயின்ட் அடித்து, ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை மாலை மாட்டினோம். சவுக்குக் கம்பை எடுத்து வெளியே வைத்தபோது நாய் ஒன்று வந்து கேட்டுக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபதுக்கு மனைவி என்னைக் கூப்பிட்டாள். எங்கள் வாசல் கிழக்கு. வெயில் மூடிய கேட்டின் வழியாக உள்ளே விழுந்து, சிமென்ட் தரையில் இரண்டு கோலத்தையும் நிழலாக நீட்டிப் போட்டிருந்தது. அவள் கோலமாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் புள்ளி வைத்து முடித்தபோது முதல் வரிசையிலிருந்து நிழல் விலக ஆரம்பித்திருந்தது. "ஓடுது பாருங்க!" என்று சிரித்தாள். அப்போது நாங்கள் இருவருமே அடுத்ததை யோசிக்கவில்லை.

பம்பைச் சத்தம் எட்டரை மணிக்குத் தெருமுனையில் கேட்டது. கரகம் வீடு வீடாக நின்று வந்தது. எங்கள் வீட்டுக்கு வரும்போது மனைவி குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக நின்றாள். அம்மன் வரும்போது வாசலை மூடி வைப்பார்களா? நான் ஓடிப்போய் இரண்டு கதவையும் உள்பக்கமாக அகலத் திறந்து சுவரோடு சாத்தினேன். கரகம் நின்றது. தண்ணீர் ஊற்றினாள், கற்பூரம் காட்டினாள். இரண்டு மாதம், ஒரு நோட்டுப் புத்தகம், நாற்பது ஆம்ப்ஸ் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றன.

கரகம் அடுத்த வீட்டுக்குத் திரும்பியதும் மாவு அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"எங்கம்மா கோலம்? தெரு பூரா சொன்னியே! வந்து பாத்தா வெறும் புள்ளி வெச்சிகீற. கோடு போட மறந்துட்டியா?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய், இரண்டு கதவையும் இழுத்துச் சேர்த்து மூடினாள். கருப்புக் கோலம் இரண்டும் வெயிலில் நின்றன. பின்னால் தங்கிவிட்ட பம்பைக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, கேட்டுக்கென்றே நாலு தட்டு தட்டிவிட்டு ஓடினார். பெண்கள் கோட்டை விரலால் தொடர்ந்துபோய் ஆரம்பித்த இடத்தைத் தேடினார்கள். "முடியுதா?" "முடியுதுடி, இதோ!"

வெல்டர் கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "நாப்பது ஆம்ப்ஸ் மாமே, அதான் இவ்ளோ நீட்டா வந்துகீது. அண்ணாத்தே அறுபதுதான் வாங்கணும்னு நின்னாரு. நாந்தான் இன்னாத்துக்குன்னு கேட்டேன்."

வைகாசி முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணி என்று எழுதிய பக்கம் உள்ளே அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் மனைவி மறுபடி கோலமாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, ஒன்பது இருபது வெயிலின் நிழலுக்குப் புதிதாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.